நாடா வெட்டாத அலமாரி

பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது யார் பொறுப்பு என்று முடிவு செய்யப் பள்ளியில் ஆசிரியர் கூட்டம் நடந்தபோது, பூகோள டீச்சருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. படித்தவர்களுக்குத் திடீரென்று தன்னடக்கம் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால், அவர்கள் நடுவில் ஒரு பொறுப்பைத் தூக்கிப் போட்டால் போதும். கணக்கு வாத்தியார், தனக்கு எண்கள் தெரியுமே தவிர மில்லிகிராம் தெரியாது என்றார். அறிவியல் டீச்சர், நுரையீரலைக் கரும்பலகையில் வரைவதோடு தன் எல்லை முடிந்துவிடுகிறது என்றார். மொழி ஆசிரியர் இருமினார். இருமிவிட்டு, தானே ஒரு நோயாளி என்பதைச் சபை கவனிக்க வேண்டும் என்றார். கடைசியில் பொறுப்பு டிரில் மாஸ்டர் தலையில் விழுந்தது. அதற்கு அவரிடம் இருந்த ஒரே தகுதி, அன்றைக்கு அவர் லீவு.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஹெட்மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் சுற்றறிக்கை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவார், வந்து கொட்டினாலும் ஒன்று அனுப்புவார். இனிமேல் எந்த மருந்தும் பிள்ளைகளின் பையிலோ வகுப்பறையிலோ இருக்கக் கூடாது, எல்லாம் ஒரே இடத்தில் பூட்டில் இருக்க வேண்டும் என்று அவர் அறிவித்தார். ஒரு பிள்ளையின் மாத்திரையை இன்னொரு பிள்ளை மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் என்ன ஆவது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நியாயமான கேள்விக்கு அபத்தமான பதிலைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பூகோள டீச்சர் மட்டும் எழுந்து தன் வகுப்புக் குருவியைப் பற்றிச் சொன்னாள்.

குருவி என்பது ஆறாம் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் பட்டப்பெயர். ஆளும் அந்த அளவுதான், வாயும் அந்த மாதிரிதான். வரைபடத்தில் கடலைக் காட்டினால், அங்கே மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று கேட்பாள். அவளுக்கு ஆஸ்துமா. பள்ளி திறந்த அன்றே, துணி தைத்துப் பிழைக்கும் அவளுடைய அம்மா, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, இன்ஹேலரையும் அதை மாட்டி இழுக்கும் பிளாஸ்டிக் குழலையும் டாக்டர் சீட்டோடு டீச்சர் கையில் கொடுத்திருந்தாள்.

“கைக்கெட்டற தூரத்துல இருக்கணும் டீச்சர். மூச்சு முட்டுச்சுன்னா இவளால எழுந்து வந்து கேக்க முடியாது. பேசிக்கிட்டே இருக்கறவ பேச்ச நிறுத்திட்டான்னா, அதுதான் சைகை.”

கூட்டத்தில் டீச்சர் இதைச் சொன்னதும், சுற்றறிக்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைக்கெட்டும் தூரம் என்றால் எவ்வளவு தூரம், யாருடைய கை, எந்தக் கை என்று மேலிடம் எங்கேயும் விளக்கவில்லை என்றார். கணக்கு வாத்தியார் சிரித்தார். இன்ஹேலரும் குழலும் மற்ற பிள்ளைகளின் மருந்தோடு சேர்ந்து பூட்டுக்குள் போயின.

பூட்டு என்றால் சாதாரணப் பூட்டில்லை. சுற்றறிக்கை ஒரு புது அலமாரியே செய்யச் சொல்லியிருந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே குழல் விளக்கு, தலைமேல் சிவப்பில் ஒரு கூட்டல் குறி, அதன் கீழே ‘மாணவர் நல மருந்தகம்’ என்று தங்க எழுத்து. தட்டுகள் காலியாக இருந்தால் படத்தில் எடுபடாது என்று, பிள்ளைகளின் மருந்தை எல்லாம் உயர வாரியாக நிற்க வைத்தார்கள். திறப்பு விழாவுக்குச் சுகாதாரத் துறை மேலதிகாரி ஒருவர் வர ஒப்புக்கொண்டார். அவருக்குத் தேதி கிடைக்கும்வரை அலமாரி நாடா கட்டியபடி மண்டபத்தில் நின்றது. அதுவரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் நோய் வரக் கூடாது என்பது சொல்லாமல் சொன்ன உத்தரவு.

விழா நாளன்று காலையிலிருந்தே பள்ளி அமளிதுமளிப்பட்டது. பல வருடமாக யார் கண்ணிலும் படாமல் நிம்மதியாக வாழ்ந்துவந்த தூசியைக் கிளப்பி, மண்டபத்துக் கம்பளத்தை வராந்தாக் கைப்பிடியில் போட்டுத் தடியால் அடித்தார்கள். அதே வராந்தாவில்தான் பூங்கொத்தோடு வரவேற்க நிறுத்திவைத்த பிள்ளைகள். ஆரோக்கிய விழாவுக்காக ஆரோக்கியத்தின் மேல் விழுந்த முதல் அடி அது.

டீச்சர் பிள்ளைகளின் தலையை வாரிவிட்டபடி வரிசையில் வந்துகொண்டிருந்தாள். பாதி வரிசை தாண்டியதும் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் குறைவது என்ன என்று புரிந்தது. குருவியின் குரல் கேட்கவில்லை.

அவள் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்திருந்தாள். பூங்கொத்து காலடியில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம்.

“டீச்... சர்,” என்றாள். அதற்கு மேல் காற்று இல்லை.

டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினாள். அலமாரிக்கு டிரில் மாஸ்டர் காவல் நின்றார். விளக்கு எரிந்தது. இரண்டாம் தட்டில், மற்ற டப்பாக்களுக்கு நடுவில், குருவியின் நீல இன்ஹேலர் குழலோடு அழகாக நின்றது. அதற்கும் குருவிக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, ஒரு பூட்டு, ஒரு சிவப்பு நாடா.

“சாவிய எடுங்க மாஸ்டர்.”

“எனக்குப் பொறுப்பு மட்டுந்தான் குடுத்தாங்க டீச்சர், சாவி குடுக்கல,” என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கழுத்தில் தொங்கிய ஊதலை ஒரு தரம் பார்த்துவிட்டு, அது இங்கே உதவாது என்று அவரும் கண்டுகொண்டார். சாவி ஹெட்மாஸ்டர் சட்டைப்பையில். ஹெட்மாஸ்டர் விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கத் தெருமுனையில்.

டீச்சர் குருவியை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுச் சுற்றறிக்கைக்குப் போன் போட்டாள். அவர் குரலில் ஏற்கெனவே பூமாலை விழுந்திருந்தது.

“நாடாவத் தொடாதீங்க. கார் திரும்பிடுச்சு, இதோ வந்துட்டே இருக்காரு. வந்ததும் வெட்டிடுவோம், முதல் மருந்தே உங்க பொண்ணுக்குத்தான். போட்டோவுக்கும் நல்லா இருக்கும்.”

“அதுவரைக்கும் தாங்காது சார். உதடு நீலம் பாயுது.”

“பதறாதீங்கம்மா. வெந்நீர் குடுங்க. நாம பாட்டுக்கு எடுத்துக் குடுத்து, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

“குடுக்காம ஏதாவது ஆச்சுன்னா?”

கொடுத்தால் யார் பொறுப்பு என்பதற்கு அவரிடம் மூன்று பக்கச் சுற்றறிக்கை இருந்தது. கொடுக்காவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரி கிடையாது. பிள்ளை செத்தால்கூட விதிப்படி செத்திருக்கும்.

“கார் வந்துடுச்சு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மேடை மேசையில், விருந்தினருக்கு வாங்கிய நினைவுப் பரிசு இருந்தது. தூக்கினால் கை இறங்கும் கனம். தேக்குக் கட்டையில் பித்தளைத் தகடு பதித்து, ‘உயிர் காக்கும் கரங்களுக்கு’ என்று பொறித்திருந்தார்கள். டீச்சர் அதை இரண்டு கையாலும் எடுத்தாள். தன் வாழ்நாளில் பள்ளிச் சொத்தில் ஒரு சாக்கட்டியைக்கூட வீணாக்காதவள். பிள்ளைகளையும் டிரில் மாஸ்டரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நாடாவுக்குக் கீழே, கண்ணாடியின் நடுவில், ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

கண்ணாடி கொட்டிய சத்தத்தில் வாசலில் பேண்ட் வாத்தியம் ஒரு கணம் தாளம் தப்பியது.

இன்ஹேலரைக் குலுக்கினாள். குழலில் மாட்டினாள். குருவியின் வாயில் வைத்து அழுத்தி, மெதுவாக இழு கண்ணே, மெதுவா, இப்போ பிடிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திரும்ப ஒரு தரம். திரும்ப ஒரு தரம். கீறிய விரலிலிருந்து ரத்தம் குழலில் வழிந்ததை அவள் பார்க்கவில்லை. டிரில் மாஸ்டர் பார்த்தார். தன் கைக்குட்டையைச் சுற்றிவிட்டார். முதலுதவிப் பொறுப்பாளராக அவர் செய்த முதல் உதவி அது.

கழுத்துக்குழியின் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தபோது மேலதிகாரி மண்டபத்துக்குள் நுழைந்தார். அவர் பின்னால் சுற்றறிக்கை, அவர் பின்னால் சபை மொத்தமும். தரையெல்லாம் கண்ணாடி. நாற்காலியில் பிள்ளை. மேலதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

சுற்றறிக்கையின் முகத்தில் ரத்தம் வற்றித் திரும்ப ஊறியது. அந்த இடைவெளியில் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

“ஒத்திகை சார். அவசர காலத்துல எப்படிச் செயல்படணும்னு ஒரு செயல்விளக்கம்.”

“பிரமாதம்,” என்று மேலதிகாரி கை தட்டினார். கணக்கு வாத்தியார் கை தட்டினார். அறிவியல் டீச்சர் தட்டினார். மொழி ஆசிரியர் இருமலை மறந்து தட்டினார். மேலதிகாரி குருவியிடம் குனிந்து கன்னத்தைத் தட்டினார். “நல்லா நடிச்சே பாப்பா. நெஜமாவே மூச்சு வாங்கற மாதிரியே இருந்துச்சு.”

டீச்சர் எழுந்து நின்றாள்.

“நடிக்கல சார். நெஜமாவே மூச்சு அடைச்சுக்கிச்சு. மருந்து உள்ள இருந்துச்சு, சாவி இவரு பையில இருந்துச்சு, நீங்க வர்ற வழியில இருந்தீங்க.”

கைதட்டல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்றார். அதன்பிறகு நடந்ததை டீச்சர் பார்க்கவில்லை. அளவு நாடாவோடு ஓடிவந்த தாயும் அவளும் குருவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிரில் மாஸ்டர்தான் பிறகு சொன்னார். கண்ணாடி போயிருந்ததே தவிர, நாடா அப்படியேதான் இருந்தது. மேலதிகாரி கத்தரியை வாங்கி அதை முறைப்படி வெட்டினார். சுற்றறிக்கை சாவியை நீட்ட, கண்ணாடி இல்லாத கதவின் பூட்டைத் திறந்தார். அதையும் படம் எடுத்தார்கள்.

குருவி நாலாம் நாள் பள்ளிக்கு வந்தாள். அதற்கு முன்னாலேயே டீச்சருக்கு மெமோ வந்துவிட்டது. அனுமதியின்றி மருந்து கொடுத்தது, அரசு விருந்தினர் முன் பள்ளியின் மானத்தை வாங்கியது, அலமாரிக் கண்ணாடி, நினைவுப் பரிசு என்று குற்றங்கள் இறங்குவரிசையில் இருந்தன. கடைசி இரண்டுக்கும் சம்பளத்தில் பிடித்தம். பிள்ளை பிழைத்தது எதிலும் இல்லை. டீச்சர் பிடித்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காசு கொடுத்த பொருள் தனக்குத்தான் சேரும் என்று கேட்டு, முனை நசுங்கிய நினைவுப் பரிசை வாங்கிக்கொண்டு போனாள்.

புதுக் கண்ணாடி மாட்டிய அன்று சுற்றறிக்கை ஆறாம் வகுப்புக்கே நேரில் வந்தார். டீச்சர் மேசையின் திறந்த இழுப்பறையில், சாக்கட்டிகளுக்குப் பக்கத்தில், நீல இன்ஹேலர் இருந்தது. முதல் பெஞ்சிலிருந்து கை நீட்டினால் எட்டும்.

“இது அலமாரிக்குப் போகணும்,” என்றார். “இந்தத் தடவை தடிமனான கண்ணாடி.”

“எடுத்துட்டுப் போங்க சார். எனக்கு ஆட்சேபணையே இல்ல.” டீச்சர் விடைத்தாள் கட்டின் மேல் பாரமாக வைத்திருந்த நினைவுப் பரிசை எடுத்து, தகட்டை முந்தானையால் துடைத்து, எழுத்து அவர் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள். “இது என்கிட்டதான் இருக்கு.”

சுற்றறிக்கை இழுப்பறையைப் பார்த்தார். நசுங்கிய முனையைப் பார்த்தார். இதைப் பற்றி விரைவில் ஒரு சுற்றறிக்கை வரும் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

“டீச்சர்,” என்றாள் குருவி, “சுற்றறிக்கை வந்தா அத எந்த இழுப்பறையில வைப்பீங்க? அதுக்குப் பூட்டு இருக்கா? அத யாராவது மிட்டாய்னு தின்னுட்டா?”

டீச்சர் பேசாமல் இருக்கச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.