எலும்பில் அடிக்கக் கூடாது

ரோஸ்மேரியின் வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. எச்.ஆர். அறையில் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அந்தக் கையை மடியில் கிடத்தியிருந்தாள்.

"நதியாக்கா, ஒரே ஒரு கையெழுத்துதானுங்க," என்று மேனேஜர் தேஜஸ்ரீ தாளை என் பக்கம் தள்ளினாள். "ட்ரெயினர்னு போட்ட எடத்துல."

தாளில் இப்படி இருந்தது: 'தற்காப்புப் பயிற்சியின்போது மூட்டையை அடித்ததில் மணிக்கட்டில் எலும்பு முறிவு.'

வீரபாண்டியில் இருக்கும் இந்தப் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவு. பதினாறு வருடமாகக் கராத்தே பழகுகிறேன். அதனால் போன மாதம், துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின் பையர் ஆடிட்டுக்கு முன்னால் பெண்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். பேனர் கட்டினார்கள். அடித்துப் பழக, பனியன் வேஸ்ட்டைத் திணித்த மூட்டை ஒன்றைத் தூணில் கட்டினார்கள்.

எதைச் சொல்லிக்கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். குத்துவதற்குக் கையைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும். மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த இடம் கிடையாது. மணிக்கட்டு அடிக்கு அது தேவையில்லை. விரல்களைக் குவித்துக் கையைக் கீழ்நோக்கி மடக்கினால் மேலே மேடிடும் மணிக்கட்டின் புறம்தான் அடிக்கிற இடம். துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளுகிற கை ஏற்கெனவே பாதி மடங்கித்தான் இருக்கிறது. இருந்தபடியே மேலே வீசினால் போதும், எதிரில் இருப்பவன் பார்ப்பதற்குள் பட்டுவிடும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அதன் ஆபத்தும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. தொண்டை, அடிவயிறு என்று மெத்தென்ற இடத்தில் அடித்தால் சரி. தாடையிலோ நெற்றியிலோ அடித்தால் உடைவது அடித்தவளின் கை. அதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நாற்பதாவது நிமிடம் போட்டோ எடுக்க வந்துவிட்டார்கள். எல்லோரும் வரிசையாக நின்று கையை மடக்கிக் காட்டினார்கள். உடனே லைன் ஓட வேண்டும் என்று பெல் அடித்தார்கள். சொல்லவில்லை. எழுபது பேர் அந்த மூட்டையை அடித்திருந்தார்கள். பனியன் துணிதானே, யாருக்கும் வலிக்கவில்லை.

பயிற்சி முடிந்த பதினோராம் நாள் மெக்கானிக் பூபாலன், ஊசி மாற்றுகிற சாக்கில் ரோஸ்மேரியின் தோளுக்கு மேல் குனிந்து, கையை வைக்கக் கூடாத இடத்தில் வைத்தான். அவள் அடித்தாள். நேராகத் தாடை எலும்பில்.

"அந்த மூட்டைய அடிச்சு யாருக்கும் கை ஒடியாது," என்றேன் தேஜஸ்ரீயிடம்.

"எனக்குந் தெரியுமுங்க்கா. வேற மாதிரி எழுதுனா ஸ்டாஃப அடிச்சதுக்கு என்கொயரி வைக்கோணும். இந்தப் புள்ளைக்குத்தானுங்க சிரமம். பூபாலண்ணன வேற லைனுக்கு மாத்திக்கலாமுங்க."

"அத எழுதித் தருவீங்களா?"

"வாய்ல சொன்னாப் பத்தாதுங்களா?"

தேஜஸ்ரீ கெட்டவள் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ரோஸ்மேரியின் பெயருக்கு நேரே ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பன்னிரண்டாவது படித்த பெண்.

"ரேகை வச்சிட்டியா?"

"எடது கையில எழுத வரலக்கா." அவள் தலை நிமிரவில்லை. "நீங்களும் போட்ருங்க. எல்லாம் என்னாலதான். நீங்க சரியாத்தான் சொல்லிக்கொடுத்தீய, நான்தான் கோணலா அடிச்சிட்டேன். லைன்ல அத்தன பேரும் கேலி பண்ணுதாவ. அடி வாங்குனவன் ரெண்டு நாளு கஞ்சி குடிச்சான், அடிச்சவ ரெண்டு மாசம் குடிக்கணும்னு."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பேனாவைக் கையில் எடுத்திருந்தேன். கையெழுத்துப் போட்டால் பூபாலன் செய்ததும் நான் செய்யாமல் விட்டதும் அந்த மூட்டைக்குள் போய்விடும். தன் கைதான் கோணல் என்று இவள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"நீ சரியாத்தான் அடிச்ச," என்றேன். "எலும்புல அடிக்கக் கூடாது. அத நான் சொல்லல."

"எப்ப?"

"பயிற்சி அன்னைக்கு. கடைசில சொல்லணும்னு இருந்தேன். போட்டோவுக்கு வந்துட்டாங்க."

ரோஸ்மேரி இப்போது என்னைப் பார்த்தாள்.

"பதினெட்டு நாளா," என்றாள். "எங்க தப்புப் பண்ணுனேன்னு எடது கைய மடக்கி மடக்கிப் பாக்கேன். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீயளே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

பேனாவை மேஜையில் வைத்தேன்.

"டென்ஷன் ஆகாத கண்ணு," என்றாள் தேஜஸ்ரீ.

ரோஸ்மேரி அவள் பக்கம் திரும்பவில்லை. இடது கையால் தாளை இழுத்துப் புரட்டி, வெற்றுப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

"நான் சொல்லுதேன், எழுதுங்க. அவன் எங்க கைய வச்சான்னு எழுதுங்க. நான் அவன் தாடையில அடிச்சேன்னு எழுதுங்க."

"நான் சொல்லாம விட்டதையும் எழுதவா?"

"மொதல்ல அத எழுதுங்க."