ஹனீஃபாவுக்கு ஒரு தறி

"சொந்தத் தறி வாங்கின அன்னைக்கே உங்கப்பா கிட்ட வந்து பொண்ணு கேக்கறேன். அதுவரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது."

"நீங்க வந்து கேக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்."

"நரைச்சா மை வாங்கித் தரேன்."

"பொண்ணு கேக்கத் தைரியத்தைக் காணோம், மை வாங்கித் தராராம்!"

இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஆலயத்தில் காகிதத் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஏசடியானும் மரியம்மாளும் பேசிக்கொண்டது இது. அதன்பிறகு மரியம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அப்பா அருளப்பன் மூன்று தறிக்குச் சொந்தக்காரர், சபையின் மூப்பர். கூலிக்கு நெய்கிறவன் வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று ஏற்கெனவே ஒரு நல்ல வரனைத் திருப்பி அனுப்பியவர். ஏசடியானோ இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தான்.

இன்றைக்கு அறுப்பின் பண்டிகை. விளைந்தது, வளர்த்தது, கையால் செய்தது எல்லாம் காலை ஆராதனையில் பீடத்தின் முன் குவிந்து, இப்போது பந்தலுக்கு வந்துவிட்டன. தாமல் ஊர் வயலின் நெல், கரும்புக் கட்டு, கால் கட்டிய சேவல்கள். மேஜைமேல் ஏறி நின்று அருளப்பன் ஏலம் விட்டார். எடுத்தவர்கள் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால்தானே? பணத்தைக் கட்டிவிட்டு, "சபைக்கே!" என்று திருப்பி வைத்துவிடுவார்கள். மறுபடி ஏலம், மறுபடி கைத்தட்டல். மரியம்மாள் வளர்த்த பூசணிக்காய் அப்படித்தான் கைமாறிக்கொண்டே இருந்தது.

"உன் பூசணிக்காக்கு இன்னிக்கி கால் வலிக்கப் போவுதுடி," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள். மரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த வருஷ ஏலப் பணம் முழுவதும் பின்தெரு சைதுன் பீவிக்கு. போன வாரம் அவள் வீடு தீயில் போயிற்று. அவள் மகன் ஹனீஃபா நெய்துகொண்டிருந்த தறியும் வீட்டோடு கருகிவிட்டது.

"கூரை போட்டுடலாம். தறிக்கு அந்தப் புள்ள எங்கே போவும்?" என்றாள் செல்லியம்மாள்.

அப்போதுதான் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் புது மரம். இழைப்புளி பட்ட மணம் பந்தல்வரை வந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றவன் ஏசடியான்.

"தறிடி! புதுத் தறி!" செல்லியம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள்.

மரியம்மாளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. புதுத் தறி வாங்கினால் போதகர் கையால் ஜெபம் பண்ணி வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தச் சபையில் வழக்கம். இன்றைக்குத்தானா? எல்லார் முன்னாலுமா கேட்கப்போகிறார்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அருளப்பன் மேஜையிலிருந்து இறங்கி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வைரம் பாஞ்ச மரம்பா! பொழைச்சுக்குவே. ஐயா, வாங்க, ஜெபம் பண்ணுங்க."

போதகர் வந்தார். ஏசடியான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "ஹனீஃபா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கய்யா. தறி அவனுக்கு."

"இன்னாபா சொல்றே?" அருளப்பனின் குரல் உயர்ந்தது. "வயித்தைக் கட்டிச் சேர்த்துக்கினு வந்தியே!"

"எனக்கு நெய்யறதுக்கு ஒரு எடமாவது இருக்குதுங்க. அவனுக்கு அதுவும் இல்லே. ஆராதனையில வெக்கணும்னுதான் கெளம்பினேன், வண்டி கிடைக்க நேரமாயிடுச்சி."

சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அதில் மன்னிப்பு இருந்தது.

மரியம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அவர் தூக்கிக் கொடுத்த தறியில் என் இரண்டு வருஷமும் இருக்கிறதே!

யாரோ ஓடிப்போய் ஹனீஃபாவை இழுத்துவந்தார்கள். வந்தவன் வண்டியருகே நின்று புது மரத்தைத் தடவினான். தடவியவன் சட்டென்று ஏசடியானைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, எனக்கா? நிஜமாவா? அம்மீ, இங்க வாயேன்!"

பின்னாலேயே ஓடிவந்த சைதுன் பீவி பேச முடியாமல் ஏசடியான் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அவன் வாயெல்லாம் பல்லாக, குழந்தைபோலச் சிரித்தான். வருத்தம் ஒரு துளிகூட இல்லை. பந்தலில் கைத்தட்டல் எழுந்தது. ஆர்மோனியக்காரர் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். செல்லியம்மாள் அழுதுகொண்டே பாடினாள்.

மரியம்மாள் அந்தச் சிரிப்பையே பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷனைத்தானே வேண்டும் என்று இருந்தேன்! இன்னொரு தறி எப்போது வரும்? வரட்டும், வராமல் போகட்டும். அப்பா எல்லார் எதிரிலும் முடியாது என்று சொல்லிவிட்டால்? சொன்னால் சொல்லட்டும். மரியம்மாள் எழுந்து நின்றாள்.

பாட்டு ஓய்ந்தது. அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேஜைமேல் ஏறினார்.

"வேற யாராச்சும் எதுனா கொடுக்கறதா இருக்கீங்களாம்மா?"

"கொடுக்கறதுக்கு இல்லப்பா. கேக்கறதுக்கு."

பந்தலில் எல்லாத் தலையும் திரும்பியது. செல்லியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மரியம்மாள் உட்காரவில்லை.

"இன்னாம்மா வேணும்?" என்றார் அருளப்பன்.

"என்னை அவருக்குக் கட்டிக் குடுங்கப்பா. ஏசடியானுக்கு."