உடைத்த மல்லி

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலில் கால் வைத்த வினிதாவுக்கு மல்லி வறுத்த வாசனை குப்பென்று அடித்தது. அப்பா சண்முகவேலைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

சுப்பாத்தாள் அத்தை மிக்சியை நிறுத்திக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. பெருமாநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்க் காடு கழனியை மறந்து முப்பது வருடமாகிறது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும், சுடுகாட்டுக்குப் போனவர்கள் பசியோடு திரும்புவார்களே என்று கை மட்டும் ஓயவில்லை.

"ஏனுங்கத்தை, மல்லி எங்கிருந்து எடுத்தீங்க?"

"அட்டாலி மேல சட்டியில இருந்துச்சு கண்ணு. அண்ணன் பக்குவமா உடைச்சே வெச்சிருந்தாரு. ஊடு நெறையச் சனம், அதான் ரசத்துக்குப் பூராவும் போட்டுட்டேன்."

விதைக்கிற மல்லியை முதலில் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். தெரியாதவர் கண்ணுக்கு அது அரைக்க வைத்ததுதான். அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை.

கொமரலிங்கத்துக்கு அப்பால், வாய்க்கால் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காடு அப்பாவுடையது. மழை பொய்த்த நாலு வருடமும், கருகாமல் நின்ற செடிகளில் மட்டும் விதை பிடித்து அடுத்த வருடம் போட்டார். மழைக்கே சவால் விடுகிற ஆள் என்று ஊர் கேலி பேசியது. அத்தனை பிடிவாதத்துக்கும் மிஞ்சியது அரைப்படி விதை. நேற்று, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும், "மழை எறங்குனதும் மல்லியப் போட்டுரு கண்ணு" என்றார். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாவது வந்து போடுகிறேன் என்று வினிதா அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

இப்போது பரணிலிருந்து இறக்கியிருந்த காலிச் சட்டியைத் தடவினாள். ஒரு மணிகூட இல்லை. மிக்சிக்குள் போனது இனி முளைக்கவா போகிறது? அப்பாவை இரண்டாம் முறை பறிகொடுத்ததுபோல் இருந்தது.

"ஏங்கண்ணு, எதுக்காச்சும் எடுத்து வெச்சிருந்தாரா?"

அத்தை காலிச் சட்டியையும் வினிதாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பஸ் தாமதமாகி, அண்ணன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற முடியாமல் போனவள் அத்தை.

"இல்லீங்கத்தை. சமையலுக்குத்தானுங்க வெச்சிருந்தாரு."

கூட்டமெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, அத்தை வற்புறுத்தி வினிதாவை இலைமுன் உட்கார வைத்தாள். நேற்றிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சோறு இறங்கவில்லை.

"ரசம் மட்டுமாச்சும் குடி சாமி."

வினிதா இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள். அத்தை ஊற்றினாள். ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் குடித்துவிட்டு, மறுபடியும் கைகளை நீட்டினாள்.