தர்ஷினிக்கு ஏடு தொடக்கிய வீடு

“சத்தம் போடாதையப்பா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

இதைச் சொன்ன கனகசுந்தரத்தின் குரல்தான் தெருக்கோடி வரை கேட்டது. பக்கத்து வீட்டு வடிவம்மாளுக்கு அந்தச் சிரமம்கூட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே வேலியோரம் வந்து, நனைந்து கிடந்த செம்பருத்திக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தைந்தாம் வருஷம் அது. யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பி, தாயை ஊரில் விட்டு வந்த ஆறு வயசுத் தர்ஷினியை, தாய்மாமன் தன் ஒன்றுவிட்ட அக்காள் புஷ்பராணியிடம் விட்டுவிட்டு பாரிசுக்குப் போய்விட்டான். பிள்ளைக்கு விசா முடிந்துவிட்டது. அகதி என்று ஒரு பேச்சே இந்த மலாய் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிடித்தால் தடுப்பு முகாம், பிறகு திருப்பி அனுப்புவார்கள். புஷ்பராணியின் புருஷன் கனகசுந்தரமோ அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, பென்ஷனை எட்டித் தொடப்போகிறவர்.

“பாலிக் புலாவிலை தம்பியின்ரை தோட்டத்திலை ஒளிச்சு வைப்பம். ஒருத்தருக்கும் தெரியாது,” என்றார் அவர்.

“ஒருத்தருக்கும் தெரியாத பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போனால், ஏனெண்டு கேக்கவும் ஒருத்தரும் இருக்கமாட்டினம்,” என்ற புஷ்பராணி வேலிப்பக்கம் திரும்பினாள். “வடிவக்கா, செடி அழுகிப்போகும். உள்ளை வந்து மிச்சத்தையும் கேளுங்கோ.”

வடிவம்மாள் வெட்கப்படவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கமில்லை. போய் உட்கார்ந்தாள்.

“விஜயதசமிக்கு இவளுக்கு ஏடு தொடக்கப்போறன். எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ.”

“சூராட், கடுதாசி ஒண்ணும் இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க? ஏடு தொடக்கி என்னா செய்ய?”

“சேக்கமாட்டினம் எண்டுதான் தொடக்கிறன்.”

சொல்லாதே என்றதைப் பரப்பித்தான் வடிவம்மாளுக்குப் பழக்கம். சொல்லச் சொன்னதில் ருசி கொஞ்சம் குறைவு. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் ஒரு வீடு பாக்கியில்லை. விஜயதசமியன்று தெருவே வந்தது. தட்டிலிருந்த அரிசியில் ‘அ’ எழுதச் சொன்னால், தர்ஷினி தன் முழுப்பெயரையும் எழுதிவிட்டு அடுத்த வேலை என்ன என்று பார்த்தாள். முனைவீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை சல்மா, மறுநாளிலிருந்து மலாய் சொல்லித்தர ஒப்புக்கொண்டாள்.

சில மாதம் கழித்து இமிகிரேசன் வேன் வந்தது. யார் சொன்னார்களோ, தான் இல்லை என்று வடிவம்மாள் கேட்காமலே சத்தியம் செய்தாள்.

அதிகாரி பிள்ளையை ஒப்படைக்கச் சொன்னார். புஷ்பராணி கைப்பையோடு முதலில் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். “ஆறு வயசுப் பிள்ளையைத் தனியே அடைக்க விடமாட்டன். ஐ.நா. அகதி அலுவலகத்துக்குப் போன் போடுங்கோ, வக்கீலையும் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் அவள் இருக்கிற இடத்திலை நான் இருப்பன்.” அதையே அச்சடித்த மாதிரி மலாயிலும் சொன்னாள்.

தெரு வேனைச் சுற்றிக்கொண்டது. இந்தப் பிள்ளையைத் தெரியுமா என்று அந்த மனிதர் போயும் போயும் வடிவம்மாளிடம் கேட்டுத் தொலைத்தார். பிள்ளைக்கு வந்த காய்ச்சல், பிடிக்காத கறி, வெடிச்சத்தத்துக்கு அவள் கட்டிலுக்கடியில் புகுந்தது என்று ஒன்று விடாமல் வந்துகொண்டே இருந்தது. அதிகாரி மேலிடத்துக்குப் போன் செய்ய வீட்டுக்குள்ளே போனார். கேட்டதற்குத் தண்டனை போதும் என்று தோன்றியிருக்கலாம்.

விசாரணை முடியும்வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் பிணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். புஷ்பராணி புருஷனைப் பார்க்கக்கூட இல்லை. கனகசுந்தரம் தானே வந்து, பென்ஷன் போனாலும் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டார். மனிதருக்கு அத்தனை முதுகெலும்பு இருந்தது வடிவம்மாளுக்கே அதுவரை தெரியாத செய்தி.

பென்ஷன் போகவில்லை. தாய் கனடா போய்ச் சேர்ந்து கூப்பிட்டதும் தர்ஷினி அங்கே போனாள். மாமன் பாரிசில் ஒரு தையல்காரியைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை அனுப்பினான், புஷ்பராணி பதிலே போடவில்லை. புஷ்பராணியும் கனகசுந்தரமும் கெலுகோருக்கு வீடு மாறிப்போனார்கள். தெருவுக்கு மட்டும் அது இன்றும் தர்ஷினிக்கு ஏடு தொடக்கிய வீடுதான்.