வேதவல்லியைக் கேசட்டில் ஏற்றிய நாள்

சிகாமணி ஒரு செங்கல்கூட வாங்காமல் தம் மூன்றாம் மாடி ஃப்ளாட்டுக்குப் பதினாறு அறைகள் கூட்டினார். கையில் இருந்தவை ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு பல்குத்தியும். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் ஒரு செல்லப்பிள்ளையைத் தேடிப் பிடித்திருந்தார். நாற்பது வருடப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். ரப்பர் விசைகள். திரைக்கு டிவி. எழுதியதைச் சேமித்து வைக்க டேப் ரெக்கார்டர். மெமரி போதவில்லை என்று அன்று காலை கூடுதலாக ஒரு சிப்பைச் சொருகினார். ‘பதினாறு அறைகள் தயார்’ என்றது திரை. படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு நடை நீண்டது.

அவர் மனைவி வேதவல்லி ஆச்சரியப்படவில்லை. “துணி காயப்போட இடம் கெடச்சுது,” என்று ஈரத்துணி வாளியோடு உள்ளே போனாள். முக்கால் மணி நேரமாகத் திரும்பவில்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு மெமரி பூட்டினாலும் ஒரு சமயத்தில் ஒரு துண்டைத்தான் அதற்குப் பார்க்கத் தெரியும். வீட்டுக்கும் அந்தக் குணம் வந்துவிட்டது. ஐந்தாம் விசையைத் தட்டினால் நடைக்கோடியில் ஐந்தாம் அறை இருந்தது. மற்ற பதினைந்தும் இல்லை.

“வேதா, எந்த ரூம்ல இருக்க?”

“ஜன்னல்ல கடல் தெரியுதே, அந்த ரூம்ல.”

அம்பத்தூரில் கடல் தெரிய நியாயமில்லை. ஆறாம் விசையைத் தட்டினார். ஏழாம் அறையிலிருந்து இருமல் கேட்டது. ஏழாம் விசையைத் தட்டினார். அங்கே அவர் வேட்டி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

“ஒரே எடத்துல நில்லேன்!”

“நான் நின்னுட்டுதாங்க இருக்கேன். ரூம்தான் நடக்குது.”

அழைப்பு மணி அடித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருதயராஜ். தரைத்தளத்துக்காரர். அச்சடித்த எதையும் நம்புவார், மற்ற எதையும் நம்பமாட்டார்.

“சார், ஒம்பதுலேர்ந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் கட். மெயின்டனன்ஸாம். மோட்டார் கீட்டார் போடறதுன்னா இப்பவே போட்டுக்குங்க.”

மணி எட்டு நாற்பது. மின்சாரம் போனால் மெமரி துடைத்துவிட்டாற்போல் காலியாகும். அறைகள் போகும், போகட்டும். வேதவல்லியும் போவாள்.

விஷயத்தைச் சொன்னார். இருதயராஜ் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாக நம்பவில்லை.

“இந்த ஃப்ளாட் அறுநூத்தி நாப்பது சதுர அடி சார். உங்க வீட்டம்மா காய்கறி வாங்கப் போயிருப்பாங்க.”

“இருதயராஜ் சார், சௌக்கியமா?” என்று நடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“சௌக்கியம்மா,” என்றார் அவர். பிறகு சிகாமணியிடம், “எதிரொலி,” என்றார்.

“போய்த்தான் பாருங்களேன்.”

“பார்க்கறதென்ன, அளந்தே காட்டறேன். இங்க நடையே கெடையாது.” சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து உருவிக்கொண்டே உள்ளே போனார். “நாப்பதடி... எம்பது... இல்லாத நடைதான் சார், ஆனா நீளமா இருக்கு...” அதற்குப்பின் குரல் வரவில்லை.

எட்டு ஐம்பது. யார் எந்த அறையில் இருந்தால் என்ன, மொத்த மெமரியையும் கேசட்டில் ஏற்றிவிட்டால் ஆச்சு. வீட்டில் ஒரே ஒரு கேசட்தான் இருந்தது. அவருடைய பிரிவுபசார விழா. முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் மேலதிகாரி அவரைப் புகழ்ந்த ஒரே சமயம் அது. வேறு சாட்சி கிடையாது. பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

தகர டப்பாவுக்குள் தேனீக்கள் சண்டை போடுவதுபோல் சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தம்தான் வேதவல்லி. ஐந்து நிமிடம் ஓடவேண்டும்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கீழ்வீட்டில் மிக்ஸி போட்டார்கள். பிறகு எதிர்வீட்டில். ஒன்பதுக்குக் கரண்ட் போகிறதென்றால் அதற்குள் சட்னி அரைத்தாக வேண்டும். இருபத்துநான்கு வீட்டு மிக்ஸியும் ஒன்றாக ஓடின. வோல்டேஜ் இறங்கியது. டிவிப் படம் போஸ்ட் கார்டு அளவுக்குச் சுருங்கியது. கேசட் சத்தம் கொட்டாவிபோல் இழுத்தது. வேதவல்லி பாதியோடு நின்றுபோவாள்.

சிகாமணி பால்கனிக்கு ஓடினார்.

“தண்ணி லாரி!” என்று கத்தினார். மனசு கேட்கவில்லை. “ரெண்டு லாரி!”

இருபத்துநான்கு மிக்ஸியும் ஒரே நொடியில் நின்றன. படிக்கட்டெல்லாம் குடங்கள் உருண்டன. படம் விரிந்தது. தேனீக்கள் மறுபடி சண்டை போட்டன. எட்டு ஐம்பத்தொன்பதுக்கு ‘ஏற்றியாயிற்று’ என்றது திரை.

ஒன்பதுக்கு எல்லாம் அணைந்தது. நடை இருந்த இடத்தில் சுவர் நின்றது. கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு சிகாமணி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சாப்பிடவில்லை.

பதினொரு மணிக்கு இருதயராஜின் மனைவி ஃபிலோமினா காலிக் குடத்தோடு மேலே வந்தார்.

“எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரா சார்?”

“இருக்காரும்மா.”

“எங்க?”

“கேசட்டுல, ஏ சைடுல. வேதாவுக்கு அடுத்தாப்ல.”

“வரும்போது தயிர் வாங்கியாரச் சொல்லுங்க.”

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. கேசட்டை ஓடவிட்டார். தும்மல் வந்தது, டேப் அதிர்ந்துவிடப் போகிறதென்று அடக்கிக்கொண்டார். படம் மேலிருந்து கீழாக வரிவரியாக வந்தது, டிவியில் அல்ல, கூடத்து நடுவில். முதலில் கொண்டை. பிறகு மூக்குத்தி. கடைசியில் வாளி.

“துணியெல்லாம் மொடமொடன்னு காஞ்சிடுச்சு,” என்றாள் வேதவல்லி. “ஏங்க கண்ணெல்லாம் செவந்திருக்கு?”

அவர் வாளியை வாங்கிக்கொண்டார். அவள் கையையும் கொஞ்ச நேரம் விடவில்லை.

கேசட்டின் வால்பகுதியில் இருதயராஜ் வந்தார். அந்தக் கம்ப்யூட்டர் படத்தில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் கொள்ளும். அதனால் சோபாப் பக்கம் நின்றபோது அவர் முகம் சோபா நிறத்தில் இருந்தது. உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“இப்ப என்ன சொல்றீங்க?” என்றார் சிகாமணி.

இருதயராஜ் சுவரைப் பார்த்தார். வேதவல்லியைப் பார்த்தார். ஏதோ மறுக்க வாயைத் திறந்தார். கேசட் சத்தம்போல் ‘கீ’ என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நடந்துச்சு சார்,” என்றார். “அஞ்சு மணி நேரம் நான் வெறும் சத்தமாத்தான் இருந்தேன்.”