மூன்றாம் அத்தியாயத்து எருமை

என் மாமியார் கையெழுத்துப் போட்டால்தான் என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளும். நான் ஆராய்ந்த பழைய கடிதங்கள் எல்லாம் அவர் பிறந்த வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தவை. பாதி, அவருடைய தாத்தாவும் சின்னத் தாத்தாவும் ஒருவருக்கொருவர் எழுதியவை. மீதி, அந்த வீட்டுச் சமையல்காரருக்கும் வண்டிக்காரருக்கும் அவர்கள் ஊரிலிருந்து வந்தவை. வசதியானவர்கள் எப்படி எழுதினார்கள், உழைத்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்று ஒப்பிடுவதுதான் என் வேலை.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள். கடித நகல்களில் மரியாதைச் சொல்லுக்குப் பச்சை மை, வசவுக்குச் சிவப்பு. முடித்துப் பார்த்தால் சமையல்காரரின் கடிதங்கள் மழைக்குப் பிந்தைய வயல் மாதிரி இருந்தன. மனைவி அவருக்கு எழுதியதில்கூட அத்தனை 'தாங்கள்'. பாவம், எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து, நாலு பேர் நடுவில் சொல்லச் சொல்ல எழுதியது. அதில் எங்கே கொஞ்சுவது? பெரிய வீட்டுக் கடிதங்களோ கோழி அறுத்த இடம் மாதிரி இருந்தன. "அடேய் எருமை" என்றுதான் ஆரம்பமே. ஆகவே மூன்றாம் அத்தியாயத்தில், பெரிய வீட்டார் ஓயாத குடும்பப் பகையில் வாழ்ந்தனர் என்று எழுதினேன்.

ஆய்வேடு முழுவதையும் அனுமதிப் படிவத்தோடு மாமியாரிடம் கொடுக்கச் சொல்லிக் கணவரிடம் தந்தேன். அந்த மனிதர் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் உருவி, "அம்மா, உன் பரம்பரையைப் பத்தி உன் மருமக என்ன எழுதியிருக்கான்னு பாரு" என்று நீட்டியிருக்கிறார்.

சாயங்காலம் கூடத்துக்கு அழைப்பு வந்தது.

"உக்காருங்க" என்றார் மாமியார். கல்யாணமான நாள்முதல் என்னை வாங்க, போங்க என்றுதான் பேசுவார். என்ன பண்பு என்று என் அம்மாவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"எங்க தாத்தாவும் சின்னத் தாத்தாவும் பகையாளிங்கன்னு எழுதியிருக்கீங்க."

"அத்தை, ஒரே பக்கத்துல எருமை, தண்டச்சோறு, மூதேவி..."

"அது பாசம்ங்க."

"பாசத்துல யாரும்மா தண்டச்சோறுன்னு எழுதுவாங்க?" என்றார் கணவர்.

"நீ வாய மூடுடா, வெளக்கெண்ண."

மாமியார் அத்தியாயத்தோடு இணைத்திருந்த ஒரு கடித நகலை எடுத்தார். முழுக்கப் பச்சை. 'மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு, தங்கள் நலமறிய விழைகிறேன்.' அந்தச் சகோதரர்களுக்குள் அன்பு இருந்ததற்கு நான் காட்டிய ஒரே சான்று.

"வீட்டு நடுவுல சுவர் எழுப்பின வருஷம் எழுதினது இது. எங்க வீட்டுல மரியாதை வந்துச்சுன்னா, பின்னாடியே வக்கீல் வர்றார்னு அர்த்தம்."

எனக்குப் பயம் வந்தது. அத்தியாயத்துக்காக இல்லை.

"அத்தை... அப்போ என்னை ஏன் இத்தனை வருஷமா..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்த வாரமே என் சமையலறை டப்பா எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கினீங்க. இன்னைக்கு வரைக்கும் அவசரத்துக்கு உப்பு கைக்கு வர மாட்டேங்குது."

"வரிசைப்படி வச்சா தேட வேண்டாமேன்னு..."

"தெரியும்ங்க. படிச்சவங்க."

'படிச்சவங்க' சுருக்கென்றது. அந்தப் படிவம் இந்த ஜென்மத்தில் கையெழுத்தைப் பார்க்காது என்று தோன்றியது.

"அத்தியாயத்தை மாத்திடறேன் அத்தை. உப்பையும்."

ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினேன். பெரிய வீட்டில் வசவு உறவின் அடையாளம், மரியாதை முறிவின் அடையாளம் என்று நிறுவினேன். உப்பை அடுப்புக்குப் பக்கத்தில், அது பழைய காலத்தில் இருந்த இடத்திலேயே வைத்தேன். மிளகாய்த்தூளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரையே கேட்டேன்.

மாமியார் அடுப்பருகில் நின்றபடியே புது அத்தியாயத்தைப் படித்தார். கையை நீட்டி உப்பை எடுத்துக் குழம்பில் போட்டார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்திட்டார்.

"இந்தா, எருமை. இதை முதல்லயே கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

வாசல்படியில் நின்ற கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எருமையாம்! பொருத்தமா வச்சே அம்மா!"

மாமியார் மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் உள்ள வர்றீங்களா? அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் உருவிக் கொடுத்தது நீங்கதானே?"

கணவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் படிவத்தோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே பச்சை பச்சையாக மரியாதை விழுந்துகொண்டிருந்தது.