மிச்ச ரப்பர்

எங்கள் ராக்கெட் எஞ்சினுக்குத் தீனி ரப்பர். அது எரிய ஊட்டுவது, பல் டாக்டர் நோயாளிக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயு. இந்த இரண்டையும் வைத்து ஒரு விமானத்தை விண்வெளியின் வாசல் வரை ஏற்றி இறக்கப்போகிறோம் என்றால் எங்கள் அம்மாவே நம்பவில்லை. வெள்ளிக்கிழமை அதை முதன்முதலாக ஓட்டப்போகிறவள் என் தங்கை.

ரப்பரைக் கலக்கி அச்சில் ஊற்றுவது என் பொறுப்பு. வாளியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அதைத் தூக்கிப்போட்டால் எங்கள் தலைமைப் பொறியாளருக்கு வயிறு எரியும். கதவு அடித்தால் ரப்பர், மேசை ஆடினால் ரப்பர், செருப்பு பிய்ந்தால் அதற்கும் ரப்பர்.

எஞ்சினுக்கு ஒரே வியாதி, எரியும்போது நடுங்கும். நடுக்கம் எல்லை மீறினால் விமானத்தின் வாலே கழன்றுவிடும். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். நேற்றுச் சோதனையில் திரையில் நடுக்கத்தைக் காட்டும் கோடு அசையாமல் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

இன்று தங்கை கட்டுப்பாட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த நாற்காலி கடகடன்னு ஆடுமே. இப்ப எப்படி அசையாம நிக்குது?"

"சார் அதோட காலுக்கு மிச்ச ரப்பர ஒட்டிட்டார்."

சொல்லி முடிப்பதற்குள் நேற்றைய அசையாத கோடு நினைவுக்கு வந்தது. சோதனை மேடைக்கு ஓடினேன். நடுக்கத்தை அளக்கும் சென்சார், எஞ்சின் மேல் ரப்பர் மெத்தையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"யார் சார் இப்படி ஒட்டினது?" என்று தலைமைப் பொறியாளரைக் கேட்டேன்.

"நான்தாம்மா. திருகாணி லூசா இருந்துச்சு. கையில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

"ரப்பர் நடுக்கத்த முழுங்கிடுமே சார்."

ரப்பர் நடுக்கத்தை எப்படி விழுங்குகிறது என்று ஆராய்ந்துதான் மனிதர் டாக்டர் பட்டமே வாங்கினார்.

ரப்பரைச் சுரண்டி எடுத்து, சென்சாரைத் திருகாணியால் முறுக்கி, எஞ்சினை மறுபடி எரித்தோம். கோடு பேய் பிடித்த மாதிரி குதித்தது. வெள்ளிக்கிழமைப் பயணம் ரத்து.

"இத்தன வருஷமா காத்திருக்கேன். உன்ன யாரு அங்க போய்ப் பாக்கச் சொன்னது?" என்றாள் தங்கை.

"நீதான் நாற்காலியப் பத்திக் கேட்ட."

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வந்துவிட்டு மறுபடியும் ஒரு படார். சுவரே அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அந்தக் கதவுக்கு ரப்பர் ஒட்ட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இனி ஒட்டமாட்டேன்.